இல்லாதவளின் பங்கு

கொறற்றி முதுகு பிடித்துப் படுக்கையில் கிடந்த பதினொரு நாளும் அவளுடைய வேலை தவறாமல் நடந்தது. 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அது. ஜெர்மனியின் ஹம் நகரில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் முற்றத்துக்கு அந்தப்பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட சலவைக்கூடம். அங்கே காலை ஆறரைக்கு இயந்திரங்கள் ஓடத் தொடங்கின, பத்து மணிக்குப் படுக்கை விரிப்புகள் உலர்ந்தன, இரண்டு மணிக்கு மூன்று மாடிக்கும் உரிய அடுக்குகள் தள்ளுவண்டிகளில் ஏறி நின்றன. அவளுக்குப் பதிலாக ஒருவரையும் போடவில்லை. போடுவதற்கு அந்த மாதம் ஆள் இருக்கவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் கொறற்றி இடுப்பைச் சுற்றிக் கம்பளிச் சால்வை கட்டிக்கொண்டு, மலைபோல் அழுக்குக் குவிந்திருக்கும் என்று பயந்தபடி கதவைத் திறந்தாள். கூடம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அவள் விரிப்புகளை நாலாக மடிப்பாள். இவை மூன்றாக மடிக்கப்பட்டிருந்தன.

மடிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெரிய விரிப்பு ஒன்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும், அதுதான் இருக்கிறது. அந்தப்பக்கம் இரண்டு மூலையை ஒருவர் பிடிக்க வேண்டும், இந்தப்பக்கம் இரண்டு மூலையை ஒருவர். வீட்டில் அந்தப்பக்கத்தை அவளுடைய கணவர் யோசேப்பு பிடித்துக்கொண்டிருந்தார். 1999இல் சிறுநீரகம் பழுதாகி அவர் போய்விட்டார். இல்லத்தில் தொடக்கத்திலிருந்தே ஒருவரும் பிடிக்கவில்லை. சலவைக்கூடத் தூணில் ஓர் இரும்புக் கொக்கியைக் கொளுவியாகப் பூட்டி, விரிப்பின் ஒரு முனையை அதில் மாட்டி, மறு முனையைக் கையில் பிடித்து, நடுவைத் தாடையால் அமுக்கி எட்டு வருடமாக மடித்து வந்தாள். மகள் லவினியா லண்டனில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடிக்கும், "அம்மா, சுகமோ?" என்று கேட்கும், இவள் "சுகம்" என்பாள், அதோடு அந்தக் கிழமை முடிந்துவிடும். இல்லத்தில் அவளை எல்லோரும் ஃப்ராவ் யோசேப்பு, அதாவது திருமதி யோசேப்பு, என்று கூப்பிட்டார்கள். பத்திரங்களில் அப்படித்தான் விழுந்திருந்தது. செத்துப்போன மனிதரின் பெயருக்கு அவள் நாள் முழுக்க "ஓம், வாறன்" சொல்லிக்கொண்டிருந்தாள். கொறற்றி என்று கூப்பிட்டவர் ஒன்பதாம் அறையில் இருந்த ஃப்ராவ் நவுமன் ஒருவர்தான்.

அந்தப் பதினொரு நாளும் சலவைக்கூடத்தில் ஆள் நின்றதைக் கட்டடத்தைப் பராமரிக்கிறவர் பார்த்திருந்தார். என்ன பார்த்தார்? கறுத்த பெண் ஒருத்தி, நீல ஏப்ரன், வேலை செய்தபடி ஏதோ பாட்டு. கொறற்றிதான் என்று நினைத்துக் காலை வணக்கம் சொன்னார், அவளும் தலையாட்டினாள். அந்தப் பெண் தன்னளவு உயரம் என்பதும், கொறற்றி தன் தோளுக்குக்கூட வரமாட்டாள் என்பதும், கொறற்றி பாடி ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. எட்டு வருடம் தினமும் கொறற்றியைப் பார்த்தவர் அவர்.

இது இல்லத் தலைவர் ஹெர் ஊல்மனின் காதுக்குப் போனது. அவர் கடிதம் அனுப்பினார். வைத்தியர் வேலை செய்ய முடியாது என்று எழுதிக்கொடுத்த நாட்களில் ஃப்ராவ் யோசேப்பு வந்து வேலை செய்திருந்தால் அது பிழை; தன் பெயரில் வேறு யாரையாவது அனுப்பியிருந்தால் அது அதைவிடப் பிழை; இரண்டில் எதுவானாலும் வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வரும்; டிசம்பர் ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டெர்மின், அதாவது நேரில் விசாரணை. கொறற்றிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. வேலை போனால் வேறு வேலை கிடைக்காது என்பதைவிட, ஞாயிறுக்கும் ஞாயிறுக்கும் இடையில் ஒரு மனிதக் குரலும் கேட்காது என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

தமிழ் ஆட்களுக்கு வேறொரு முடிவு இருந்தது. கொறற்றி ஊரிலிருந்து யாரையோ கூப்பிட்டுப் பத்திரமில்லாமல் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய வாசலில் கதைத்தார்கள். அகதி முகாம் காலத்திலிருந்து சிநேகிதியான டொறத்தி நேரே வீட்டுக்கு வந்து, அலுமாரியைத் திறந்து பார்த்து, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து, பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

"எடி, உண்மையைச் சொல்லு. ஆரைக் கூப்பிட்டனி?"

"ஒருத்தரையும் இல்லை."

"பொய் சொல்லாதை. எந்த ரூட்டால வந்தவள்?"

"ஆளே ஆரெண்டு தெரியாது, ரூட் எனக்கெப்பிடித் தெரியும்?"

"முகம் தெரியாத ஒருத்தி பதினொரு நாள் உனக்கு வேலை செய்து தந்தவளோ? எனக்கு மூண்டு மச்சாள்மார் இருக்கினம். ஒருத்தி ஒரு கோப்பை கழுவித் தந்ததில்லை."

ஆள் யார் என்று சொன்னவர் ஃப்ராவ் நவுமன். எண்பத்தொரு வயது, இரண்டு காலும் எழும்பாது. ஒருகாலத்தில் கிழக்கு ஜெர்மனியாக இருந்த பக்கத்தைச் சேர்ந்தவர். சுவர் விழுந்து தொழிற்சாலை மூடியபின் வேலை தேடி மேற்கே வந்த மகனோடு ஹம்முக்கு வந்தார், மகன் இன்னும் மேற்கே போனான், தாய் ஒன்பதாம் அறைக்கு வந்தார். அவரும் கொறற்றியும் பேசியது ஜெர்மன் மொழியில். ஆனால் கொறற்றி பிறகு டொறத்தியிடம் சொன்னபடிதான் இங்கே எழுதப்படுகிறது; ஆகவே ஃப்ராவ் நவுமனின் வாயிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விரிப்பு மாற்றப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தி, மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மூண்டாய் மடிச்சிருக்கு. அப்ப அவ வந்திட்டா."

"ஆர்?"

"டெலோறிஸ். எங்கட பன்னிரண்டாவது ஆள்."

அந்தக் காலத்தில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பாதி மற்றப் பாதியின் உடம்பில் புண் தேடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர்களுக்கு நடப்பதைக் கிழக்கு ஜெர்மனியின் பத்திரிகைகள் ஒருநாளும் எழுத மறக்கவில்லை. ஃப்ராவ் நவுமன் அங்கே படுக்கை விரிப்புத் தைக்கும் தொழிற்சாலையில் பதினொரு பெண்கள் கொண்ட வேலைக்குழு ஒன்றின் தலைவி. குழுவுக்கென்று சிவப்பு மட்டை போட்ட நாட்குறிப்பு ஒன்று உண்டு. பெயர்கள், பிறந்தநாள்கள், சுற்றுலாப் படங்கள் எல்லாம் அதில். அதில் பெயர் இருக்கும் ஒருத்தி வரவில்லை என்றால் அவளுடைய பங்கை மற்றவர்கள் பிரித்துச் செய்ய வேண்டும். 1971இல், அமெரிக்காவின் தென்பகுதியில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கறுப்பினப் பெண்களைச் சேர்த்து வேலைநிறுத்தம் செய்ததற்காக டெலோறிஸ் என்ற பெண்ணைச் சிறையில் போட்டார்கள். அந்தச் செய்தியை வாசித்த பதினொரு பேரும் அவளுடைய பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதினார்கள். அவளுக்கென்று ஒரு கதிரை, ஒரு தையல் இயந்திரம். அவள் வரமுடியாத படியால் அவளுடைய பங்கைப் பத்தொன்பது மாதம் இவர்கள் தைத்தார்கள். வீட்டுக்குப் போனால் சமையலும் துவைப்பும் புருஷனும் பிள்ளையும் காத்துக்கொண்டிருந்த பெண்கள்தான். அப்படியிருந்தும் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை என்றார் ஃப்ராவ் நவுமன், பிறகு யோசித்து, ஒருத்தி சுளித்தாள் என்றார்.

டெலோறிஸ் விடுதலையானாள். 1973இல் அவளைக் கிழக்கு பெர்லினுக்கு விருந்தாளியாக அழைத்து வந்தார்கள். மேடைகளில் ஏற்றினார்கள், ஆண்கள் நீளமாகப் பேசினார்கள், அவள் பூங்கொத்துகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொழிற்சாலைக்கும் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தபடியால் பதினொரு பெண்களும் பிளம்ஸ் கேக் சுட்டு, பையில் சிவப்பு நூலால் பன்னிரண்டு என்று தைத்த நீல ஏப்ரன் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் காத்து நின்றார்கள். கார்கள் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலேயே திரும்பிப் போய்விட்டன. இருட்டியதும் கேக்கைத் தாங்களே சாப்பிட்டார்கள். ஏப்ரனைத் தபாலில் அனுப்பினார்கள், பதில் வரவில்லை.

நவம்பரில் கொறற்றி படுத்துவிட்டாள் என்று கேட்டதும் ஃப்ராவ் நவுமன் மேசை லாச்சியிலிருந்து அந்த நாட்குறிப்பை எடுத்துப் பதின்மூன்றாவதாக அவளுடைய பெயரை எழுதினார். யோசேப்பு என்று எழுதவில்லை, கொறற்றி என்றே எழுதினார். குழுவின் பதினொரு பேரில் பத்துப்பேர் இறந்துவிட்டார்கள், தலைவியால் கட்டிலை விட்டு எழும்ப ஏலாது, மிச்சம் டெலோறிஸ்தான். ஆகவே அவள் வந்தாள்.

"அவ உயிரோடை இருக்கிறாவோ?" என்று கொறற்றி கேட்டாள்.

"தெரியாது. பங்கு செய்யிறதுக்கு அது தேவையில்லை."

"நான் நிக்கேக்கை வருவாவோ?"

"நீங்கள் நிண்டால் அவ ஏன் வாறா? இல்லாத ஆளுக்குத்தான் பங்கு."

கொறற்றி அதைச் சோதித்துப் பார்த்தாள். கழிப்பறைக்குப் போய் வந்தால் இரண்டு விரிப்பு மூன்றாக மடிந்திருந்தன, இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது. வாசலில் ஒளிந்து நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒருநாள் தேத்தண்ணி ஒரு கோப்பை ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுத்த நாள் சீனி கூடப் போட்டு வைத்தாள். அதற்குப் பிறகு காரணமில்லாமல் அடிக்கடி வெளியே போகத் தொடங்கினாள். முற்றத்துக் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். தனக்காக ஒருத்தி உள்ளே நிற்கிறாள் என்பது சந்தோஷமாக இருந்தது. தான் உள்ளே போனால் அவள் இருக்கமாட்டாள் என்பது முன்பிருந்த தனிமையைவிடப் பெரிய தனிமையாக இருந்தது. மேலே ஒன்பதாம் அறையில் தினமும் ஒரே கேள்வி: "என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?" தான் அவளைக் கண்டதே இல்லை என்று கொறற்றி சொல்வாள். டெலோறிஸ் மாடிக்கு ஒருநாளும் போகவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி வந்தது. ஹெர் ஊல்மனின் மேசைக்கு முன்னால் கொறற்றி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவருடைய முதுகுக்குப் பின்னால் யன்னல், யன்னலுக்கு அப்பால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் சலவைக்கூடத்தின் கண்ணாடிக் கதவு. வேலை நேரம் அது. கொறற்றி வேலையில் இல்லை. ஆகவே டெலோறிஸ் இருந்தாள். கொறற்றி அவளை முதல்முதலாகக் கண்டது அப்போதுதான். உயர்ந்த, அகன்ற தோள் கொண்ட, தலை நரைத்த பெண். நீல ஏப்ரன். விரிப்பின் ஒரு முனையைத் தூணில் இருந்த கொளுவியில் மாட்டிவிட்டு, மறு முனையைக் கையில் பிடித்து, நடுவைத் தாடையால் அமுக்கிக்கொண்டு நின்றாள். ஹெர் ஊல்மன் சட்டப்பிரிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். கொறற்றியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவர் தண்ணீர் எடுக்க எழுந்து திரும்பியபோது அவரும் கண்டார். யன்னலைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், மறுபடி யன்னலைப் பார்த்தார்.

"அங்கே நிற்பதும் நீங்கள்தானே, ஃப்ராவ் யோசேப்பு?"

கொறற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கறுப்பான ஆறடிப் பெண்ணையும் மண்ணிறமான நாலடிப் பத்து அங்குலப் பெண்ணையும் ஒரே நேரத்தில் பார்த்த அந்த மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக யோசித்தார். ஃப்ராவ் யோசேப்பு இங்கே இருந்துகொண்டே அங்கே வேலை செய்யக்கூடியவர் என்றால், வீட்டில் படுத்துக்கொண்டே வேலை செய்திருக்கவும் கூடும். வைத்தியரின் சான்றிதழ் பொய்யல்ல. வேறு யாரையும் அனுப்பவும் இல்லை. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கோப்பில் எழுதினார். கதவு வரை வந்து வழியனுப்பி, மற்ற ஊழியர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம், எல்லோரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கொறற்றி நேரே ஒன்பதாம் அறைக்கு ஓடினாள். கண்டதைச் சொன்னாள். ஏப்ரன் நிறத்தைக் கேட்டார் ஃப்ராவ் நவுமன், நீலம் என்றாள். பையில் ஏதும் தைத்திருந்ததா என்று கேட்டார். சிவப்பாக ஏதோ இருந்தது என்றாள். கிழவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அதைத் தைச்சது நான். கிடைச்சிருக்கு. அப்ப ஏன் மேல வாறாவில்லை?"

"அதை நீங்கள்தான் சொல்ல வேணும்."

சொல்வதற்கு ஒரு மாதம் பிடித்தது. ஜனவரியில் ஒருநாள், சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். டெலோறிஸின் கதிரை பதினான்கு வருடம் வெறுமையாகக் கிடந்ததாம். 1985இல் மொசாம்பிக்கிலிருந்து ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த பெண்களில் லூர்டெஸ் என்ற பத்தொன்பது வயதுக்காரியை அதில் இருத்தினார்கள். அந்தப் பெண்களுக்குத் தனி விடுதி, தனிப் பட்டியல். குழு நாட்குறிப்பில் அவர்களை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லூர்டெஸ் கர்ப்பமானாள். காலையில் குமட்டலும் சத்தியும், பத்து மணிக்குத் தலைச்சுற்று, பங்கு குறைந்துகொண்டே போனது. கர்ப்பமானவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அப்போதைய நடைமுறை. வேலை குறையாவிட்டால் இன்னும் சில மாதம் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு அரை மணித்தியாலம் போதும், பதினொரு பேரும் சேர்ந்து அவளுடைய பங்கை முடித்திருக்கலாம். லூர்டெஸ் அரைகுறை ஜெர்மனில் வந்து கேட்டாள்: இந்தக் கதிரைக்காரிக்குச் செய்தீர்களாமே? தலைவி சொன்னார்: அவள் பட்டியலில் இருந்தாள். ஆறு கிழமையில் லூர்டெஸை விமானத்தில் ஏற்றினார்கள்.

"எண்பத்தைஞ்சில எந்த மாதம்?" என்று கொறற்றி கேட்டாள்.

"மே."

அதே மே மாதத்தில்தான் ஊரிலிருந்து அகதியாக வந்த கொறற்றி கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கினாள். விசா இல்லாமல் இறக்கி, ரயிலேற்றி, நகரத்துக்கு நடுவிலிருந்த எல்லை நிலையத்தால் மேற்குப் பக்கம் விட்டுவிட்டார்கள். சீருடைப் பெண் ஒருத்தி அவளுடைய முகத்தை ஏறெடுத்துப் பார்க்காமலே கையால் போ என்று காட்டினாள். இரக்கத்தால் அல்ல, மேற்குக்குத் தலையிடி கொடுக்கத்தான் தங்களை அப்படி விட்டார்கள் என்று பின்னர் முகாமில் சொன்னார்கள். ஒரு கறுத்த பெண்ணை உள்ளே விட்ட அதே விமான நிலையத்தால் இன்னொரு கறுத்த பெண்ணை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் ஒரே கூடத்தில் எதிரும் புதிருமாக நடந்திருக்கவும் கூடும்.

"எழுதுங்கோ. அவளின்ரை பெயரை எழுதுங்கோ."

"அது சட்டத்திலை இல்லை, கொறற்றி. இருவது வருசம் போச்சு. அவள் எங்கை இருக்கிறாளோ, உயிரோடை இருக்கிறாளோ..."

"பங்கு செய்யிறதுக்கு அது தேவையில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ஃப்ராவ் நவுமன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொறற்றி கதவுவரை போய் நின்றாள். "அப்ப என்ரை பெயரையும் வெட்டிவிடுங்கோ."

"வெட்டினால் அவ வரமாட்டா. தெரியுமோ?"

"தெரியும்."

அதைச் சொல்லிவிட்டுக் கீழே வந்தாள். பிறகு ஒரு கிழமை சலவைக்கூடத்தை விட்டு வெளியே போகவில்லை, தேத்தண்ணி வைக்கவில்லை, கழிப்பறைக்கும் ஓட்டமாய்ப் போய் ஓட்டமாய் வந்தாள். எல்லாவற்றையும் தானே நாலாக மடித்தாள். மேலே விரிப்பு மாற்றினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், பேசவில்லை. எட்டாம் நாள் அவள் போனபோது நாட்குறிப்பு போர்வையின்மேல் திறந்து கிடந்தது. ஒரு பெயரை எழுதக் கிழவிக்குக் காலை முழுவதும் பிடித்திருந்தது; எழுத்துகள் குளிரில் நடுங்குவதுபோல் நின்றன. பதின்மூன்றாவது பெயர் வெட்டப்படாமல் இருந்தது. அதன் கீழே பதினான்காவதாக லூர்டெஸ், 1985 மே என்று திகதியும் போட்டிருந்தது.

மறுநாள் காலை கொறற்றி சலவைக்கூடக் கதவைத் திறந்தபோது இல்லத்தின் விரிப்புகளுக்குப் பக்கத்தில் வேறொரு குவியல் கிடந்தது. இல்லத்தின் முத்திரை இல்லாதவை, புதுத்துணி மணக்கிறவை, நாற்பது இருக்கும். இன்னது என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. லூர்டெஸ் இல்லை, இல்லாதவளின் பங்கைக் குழுவில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். ஒன்றை உதறி விரித்து, இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் கொளுவிப்பக்கம் திரும்பினாள். மற்ற இரண்டு மூலைகளும் ஏற்கெனவே ஒருவரின் கையில் இருந்தன.

"பிடிச்சிட்டீங்களோ?" என்றாள் கொறற்றி, தமிழில்.

அந்தப்பக்கத்திலிருந்து விரிப்பு இறுக்கமாக இழுபட்டது. மூன்றா நாலா என்பதில்தான் சற்றுச் சிக்கல் வந்தது; கொறற்றி விட்டுக்கொடுத்தாள். டெலோறிஸ் அன்றைக்கும் பாடினாள். கொறற்றிக்குச் சொற்கள் விளங்கவில்லை, மூன்றாவது நாளிலிருந்து ராகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பெப்ரவரிக் கடைசியில் இருவரும் ஒன்பதாம் அறைக்குப் போனார்கள். ஃப்ராவ் நவுமன் நல்ல நித்திரை. எழுப்பப் போன கொறற்றியை டெலோறிஸ் கையால் தடுத்தாள். ஆளுக்கொரு பக்கமாக நின்று, கிழவியை மெல்லப் புரட்டி, எழுப்பாமலே விரிப்பை மாற்றினார்கள். தனியாக மாற்றினால் எப்படியும் ஒரு சுருக்கம் விழும், அன்று விழவில்லை. பின்னேரம் விழித்த ஃப்ராவ் நவுமன் கையால் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு பேரோ?"

"ஓம்."

"எழுப்பியிருக்கலாமே."

"அவதான் வேண்டாமெண்டவ."

"அவவுக்குச் சுட்ட கேக்கும் முடிஞ்சு போச்சு," என்றார் ஃப்ராவ் நவுமன். ஒன்பது நாளில் அவர் இறந்தார். நாட்குறிப்பை மகன் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான், கொறற்றி எடுத்துக்கொண்டாள்.

டொறத்தி இன்னும் விடவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டும் மாதாவின் திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்பாள், "எடி, இப்பவாவது சொல்லு. எந்த ரூட்டால வந்தவள்?" "கிழக்கு பெர்லினால," என்பாள் கொறற்றி, "எங்களைப் போல." அப்படியென்றால் பழைய ஆள்தான் என்று டொறத்தி தலையாட்டிவிட்டு மாங்காய்ச் சம்பல் பெட்டியைத் திறப்பாள். இல்லத்தின் வேலை அட்டவணையில் சலவைக்கூடத்துக்கு நேரே ஃப்ராவ் யோசேப்பு என்று இரண்டு தடவை எழுதியிருக்கும். ஹெர் ஊல்மனுக்குப் பின் 2007இல் வந்தவரும் அதை அப்படியே விட்டுவிட்டார். முத்திரையில்லாத நாற்பது விரிப்புகளும் வெள்ளிக்கிழமை மூன்றாக மடிந்து பின்வாசலில் நிற்கும். திங்கட்கிழமை அங்கே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொறற்றி வீட்டில் தன் விரிப்பைத் தனியாகத்தான் மடிக்கிறாள், தாடையால் அமுக்கி. வீடு குழுவில் சேர்ந்ததல்ல. சலவைக்கூடத் தூணில் இருந்த கொளுவியை 2005 ஏப்ரலில் கழற்றிவிட்டாள். துளை மட்டும் இருக்கிறது.